டிராக்டருக்குப் பனி தள்ளும் பிளேடு, வீட்டிலேயே

கனடா மாதிரிக் குளிர்நாட்டில் சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் பிளேடைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. 24 அங்குல விட்டமுள்ள பழைய இரும்புக் குழாயை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால் ஒரு துண்டே போதும். அந்த வளைவுதான் பனியைச் சுருட்டி முன்னால் தள்ளும், தட்டைத் தகடு என்றால் மேலே ஏறி வழிந்துவிடும். குழாய் கிடைக்கவில்லையே என்று பழைய எண்ணெய் டேங்கை மட்டும் அறுக்காதீர்கள், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

அகலத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். பனியை ஓரமாகத் தள்ள 6 அடி பிளேடைப் பக்கவாட்டில் 30 டிகிரி திருப்பினால் சுத்தமாகும் பாதை சுமார் 5.2 அடிதான், அதனால் ஒரு பின் டயரின் வெளிவிளிம்பிலிருந்து மறு டயரின் வெளிவிளிம்பு வரை முதலில் அளந்துவிடுங்கள், பாதை அதைவிட அகலமாக இருக்க வேண்டும்.

அடிவிளிம்புப் பட்டையை வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டு மாட்டுங்கள், தேய்ந்தால் மாற்றலாம். பிளேடைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை முன் அச்சில் அல்ல, டிராக்டரின் சேஸியில் (அடிச்சட்டத்தில்) பிணையுங்கள். பிளேடை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பனிக்கடியில் கல் இடித்தால் பிளேடின் அடிப்பக்கம் பின்னால் மடங்கித் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த அடி முழுக்க சட்டத்துக்கும் உங்கள் முதுகுக்கும்தான்.

சரி, ஜல்லிப் பாதையா? அடியில் சறுக்குக் கால்கள் வைத்து பிளேடை ஓர் அங்குலம் தூக்கிவிடுங்கள். அப்புறம் டயர் வழுக்காமல் இருக்க டிராக்டரின் பின்னால் எடை, டயருக்குச் சங்கிலி.