எலெக்ட்ரிக் கேனர் வாங்கலாமா? ஒரு பெட்டித் தக்காளியோடு தொடங்கிப் பார்ப்போம்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில உழவர் சந்தைகளில் தக்காளி மலிந்து கிடக்கும். ஒரு புஷல் பெட்டி ஏறக்குறைய 53 பவுண்டு, அதாவது 24 கிலோ. ஆசைப்பட்டு வாங்கி வந்துவிடுவோம். மூன்றாம் நாள் அடித்தட்டுப் பழங்கள் கனிந்து நீர் விடத் தொடங்கும், ஃப்ரீசரிலும் இடம் இருக்காது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் 'கேனிங்' பக்கம் திரும்புவது இப்படித்தான். அடுத்த கேள்வி உடனே வரும்: அடுப்பில் வைக்கும் பெரிய பானையா, எலெக்ட்ரிக் கேனரா?

முதலில் கேனிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உணவைக் கண்ணாடி ஜாடியில் நிரப்பி, மூடி போட்டு, ஜாடியோடு சேர்த்துக் குறித்த நேரம் சூடாக்குவது. உள்ளிருக்கும் காற்று வெளியேறி, ஆறும்போது மூடி உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஜாடியை அலமாரியில் வைக்கலாம், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். நம் ஊறுகாயை உப்பும் எண்ணெயும் காக்கின்றன. கேனிங்கில் அந்த வேலையைச் செய்பவை வெப்பம், புளிப்பு, காற்றுப் புகாத மூடி ஆகிய மூன்றும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த இயந்திரம் வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

படி 1: ஜாடிக்குள் என்ன போகப்போகிறது?

கடைக்குப் போகும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள். பெட்டியின் பளபளப்பு, திரை, பொத்தான் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள், கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பு குறைந்த, ஈரமான இடம் கிடைத்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மூடிய ஜாடி அதற்கு ஏற்ற இடம். உணவின் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அதாவது போதிய புளிப்பு இருந்தால், அந்த வித்துகளால் வளர முடியாது. அதனால் ஜாம், பெரும்பாலான பழங்கள், வினிகர் ஊறுகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்த தக்காளி ஆகியவற்றுக்குக் கொதிநீர் போதும். பீன்ஸ், சோளம், உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, இறைச்சி, சூப் போன்றவற்றுக்குக் கொதிநீரைத் தாண்டிய சூடு வேண்டும். குறைந்தது 240 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 116 டிகிரி செல்சியஸ். அது அழுத்தத்தில்தான் கிடைக்கும்.

இதைப் புத்தகச் சங்கதியாக நினைத்துவிடாதீர்கள். 2015 ஏப்ரலில், ஒஹாயோவின் தலைநகர் கொலம்பஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள லங்காஸ்டர் ஊரில், தேவாலய விருந்து ஒன்றில் பரிமாறிய உருளைக்கிழங்கு சாலட்டால் 29 பேருக்கு, அந்த நஞ்சு உண்டாக்கும் பாட்டுலிசம் நோய் வந்தது. ஒருவர் இறந்துபோனார். வீட்டில் கேன் செய்த உருளைக்கிழங்கு அது. அழுத்தக் கேனரில் செய்ய வேண்டியதைக் கொதிநீரில் செய்திருந்தார்கள். நல்ல மனதோடு சமைத்துக் கொண்டுவந்த உணவுதான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

முதல் ஆண்டு தக்காளியும் ஜாமும் மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் உங்களுக்கு அழுத்தக் கேனரே தேவையில்லை.

படி 2: பெயர் ஒன்று, பெட்டி நான்கு

'எலெக்ட்ரிக் கேனர்' என்ற பெயரில் விற்பவை ஒன்றுக்கொன்று வேறான பொருட்கள். குழப்பமே இங்கேதான்.

முதலாவது, கொதிநீர் கேனர். அடியில் மின்சூடேற்றி வைத்த பெரிய பானை என்று சொன்னால் போதும். ஜாடிக் கம்பெனியான பால் பிராண்டு (குடிக்கும் பால் அல்ல) விற்பதில் ஒரு குவார்ட் ஜாடிகள் ஏழு வைக்கலாம். ஒரு குவார்ட் ஏறக்குறைய 950 மில்லி. நன்றாகக் கொதித்தால் போதும், அமெரிக்க வேளாண் துறையின் சோதித்த நேரங்களை அப்படியே பயன்படுத்தலாம். தொடக்கக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, தானியங்கிப் பெட்டி. ஜாம், சல்சா என்று தேர்ந்து பொத்தானை அழுத்தினால் மீதியை அதுவே செய்யும். புளிப்புள்ள உணவுக்கு மட்டும்தான், அதுவும் அதன் கையேட்டில் உள்ள செய்முறைகளுக்கு மட்டும்தான். நம் கைக்கு அது இறுக்கமான சட்டை.

மூன்றாவது, டிஜிட்டல் அழுத்தக் கேனர். ப்ரெஸ்டோ கம்பெனியின் 12 குவார்ட் பெட்டியை உதாரணமாகச் சொல்லலாம். காற்றை வெளியேற்றுவது, அழுத்தத்தைப் பிடித்து வைப்பது, நேரம் எண்ணுவது எல்லாவற்றையும் இயந்திரம் கவனிக்கிறது. அடுப்புக் கேனரில் 10 நிமிடம் நீராவியை வெளியே விட்ட பிறகே நீராவித் துளையின் மேல் எடையை வைக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் அழுத்தமானியின் முள் சரியான அழுத்தத்தைக் காட்டும், சூடு மட்டும் குறைந்திருக்கும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான், அதனால் அந்தப் பொறுப்பை இயந்திரம் ஏற்பது பெரிய நிம்மதி. குறை என்னவென்றால் இதில் ஒரு குவார்ட் ஜாடி ஐந்துதான் பிடிக்கும். அதே கம்பெனியின் 23 குவார்ட் அடுப்புக் கேனரில் ஏழு பிடிக்கும். இன்னொன்று, வேளாண் துறையின் நேரங்கள் அடுப்புக் கேனர்களில் சோதித்தவை. எலெக்ட்ரிக் பெட்டியில் நாம் நம்புவது அந்தந்தக் கம்பெனியின் சோதனையை. அதனால் கையேட்டை வரி விடாமல் படித்து, அதன்படி மட்டும் செய்யுங்கள்.

நான்காவது, இன்ஸ்டன்ட் பாட் மாதிரியான பல்பயன் குக்கர். 'கேனிங்' என்று ஒரு பொத்தான் இருந்தாலும் பீன்ஸையோ கடலையையோ அதில் கேன் செய்யாதீர்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய வீட்டு உணவுப் பாதுகாப்பு மையம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சோதித்த நேரங்களில், கேனர் சூடேறும் நேரத்திலும் மெல்ல ஆறும் நேரத்திலும் சாகும் கிருமிகளின் கணக்கும் சேர்ந்திருக்கிறது. சின்னக் குக்கர் சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும், அந்தக் கணக்கு உடைந்துவிடும். ஒரு குவார்ட் ஜாடி குறைந்தது நான்கை நிற்க வைக்கும் பாத்திரத்தைத்தான் அழுத்தக் கேனர் என்று வேளாண் துறை ஏற்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த 5 லிட்டர் விசில் குக்கருக்கும் இதே பதில்தான். சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்க அதை விட்டால் வேறில்லை, ஆனால் அது கேனர் ஆகாது.

படி 3: உங்கள் சமையலறையைச் சுற்றிப் பாருங்கள்

கண்ணாடித் தட்டு அடுப்பா? அப்படியென்றால் எலெக்ட்ரிக் பக்கம் தராசு சாய்கிறது. நீரும் ஜாடியும் நிரம்பிய பானை 20 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரமும், அகன்ற அடிக்குக் கீழே சிக்கும் சூடும் கண்ணாடியைக் கெடுக்கலாம். தவிர, அந்த அடுப்புகள் சூட்டை அணைத்து அணைத்து ஏற்றுவதால் கொதி ஒரே சீராக நிற்காமல் போவதும் உண்டு. உங்கள் அடுப்பின் கையேட்டில் கேனருக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். கேஸ் அடுப்பு என்றால் இந்தக் கவலை குறைவு, ஒரு எனாமல் பானையும் ஜாடிகளை நிற்க வைக்கும் கம்பித் தட்டும் வாங்கினால் மிகக் குறைந்த செலவில் வேலை முடியும்.

எலெக்ட்ரிக் பானையில் எனக்கு மிகவும் பிடித்தது, அதை அடுப்பை விட்டு வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது. ஆகஸ்ட் வெயிலில் சமையலறைக்குள் ஒன்றரை மணி நேரம் நீராவி கிளப்புவது கொடுமை. கையேடு அனுமதிக்கும் பானையைக் கூரையுள்ள பின்திண்ணையில் வைத்தால் வீடு சூடாகாது, அடுப்பும் தக்காளி கொதிக்கவிடக் காலியாக இருக்கும். சில பானைகளில் அடியில் குழாய் உண்டு. வேலை முடிந்ததும் கொதிநீரைத் தூக்கி ஊற்ற வேண்டியதில்லை, ஆறவிட்டுத் திறந்துவிட்டால் போதும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இது ஒன்றே வாங்கக் காரணமாகலாம்.

இப்போது மின்சாரம். இங்கே வீட்டு இணைப்பு 120 வோல்ட். 15 ஆம்பியர் மின்சுற்று (சர்க்யூட்) என்றால் மொத்தமே 1800 வாட். கேனர் ஒன்றே ஏறத்தாழ 1500 வாட் எடுத்துக்கொள்ளும். ஒரு முறை என் தக்காளி 20 நிமிடம் கொதித்திருந்தபோது, அதே சுற்றில் மகன் மைக்ரோவேவைப் போட்டான். பிரேக்கர் விழுந்தது. நான் கவனிப்பதற்குள் கொதி அடங்கிவிட்டது. கொதி நின்றால் 'மீதி 25 நிமிடம்' என்று தொடரக் கூடாது. திரும்பக் கொதிக்க வைத்து, முழு 45 நிமிடத்தையும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். அப்படித்தான் செய்தேன். அன்று தக்காளி கொஞ்சம் கூடுதலாகக் குழைந்தது, வேறு நஷ்டமில்லை. கேனருக்கென்று தனிச் சுற்று ஒதுக்குங்கள், நீட்டிப்பு வயர் போடாதீர்கள்.

ஆயுளும் ஒரு விஷயம். விஸ்கான்சினில் மனிடோவாக் நகரில் வார்க்கும் ஆல் அமெரிக்கன் என்ற அடுப்பு அழுத்தக் கேனரில் ரப்பர் வளையமே கிடையாது, உலோகத்தோடு உலோகம் பொருந்தி மூடும். அம்மா பயன்படுத்தியதை மகள் பயன்படுத்தும் குடும்பங்கள் உண்டு. டிஜிட்டல் பெட்டியில் சர்க்யூட் போர்டு போனால் பெட்டியே போனது மாதிரி. ஆண்டுக்கு ஒரு நாள் செய்பவருக்கு இது பெரிய குறை இல்லை. வாரா வாரம் செய்பவர் யோசிக்க வேண்டும்.

உயரத்தையும் பார்த்துவிடுங்கள். மேலே போகப்போக நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், டென்வரில் சுமார் 95 டிகிரி செல்சியஸில். அதனால் நேரம் கூடும். அழுத்தக் கேனர் வாங்கினால், உங்கள் ஊர் உயரத்துக்கு அது ஏற்றதா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

படி 4: முதல் பானை, நொறுக்கிய தக்காளி

ஒரு குவார்ட் ஜாடி ஏழுக்குச் சுமார் 22 பவுண்டு, அதாவது 10 கிலோ தக்காளி போதும். முழுப் பெட்டியையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள்.

கேனரின் அடியில் கம்பித் தட்டை வைத்து, பாதியளவு நீர் ஊற்றிச் சூடாக விடுங்கள். ஜாடிகளைச் சோப்பு போட்டுக் கழுவி வெந்நீரில் வையுங்கள். குளிர்ந்த ஜாடியில் கொதிக்கும் தக்காளியை ஊற்றினால் விரிசல் விடும். விளிம்பில் பிசிறு உள்ள ஜாடியை ஒதுக்குங்கள். ஜாடி மூடி இரண்டு துண்டு: திருகும் வளையத்தை மறுபடி பயன்படுத்தலாம், தட்டையான மூடி மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது.

தக்காளியைக் கொதிநீரில் 30 முதல் 60 விநாடி போட்டு, தோல் வெடித்ததும் குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் தானாகக் கழன்றுவரும். காம்புப் பகுதியை வெட்டி, நான்காக நறுக்குங்கள். ஆறில் ஒரு பங்கை முதலில் பாத்திரத்தில் போட்டு மசித்துக்கொண்டே கொதிக்கவிடுங்கள். பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், அதை மசிக்க வேண்டாம். எல்லாம் சேர்ந்ததும் 5 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும்.

இனி விடக்கூடாத ஒரு வேலை. ஒவ்வொரு குவார்ட் ஜாடியிலும் 2 மேஜைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு அல்லது அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போடுங்கள். அரை குவார்ட் அளவான பிண்ட் ஜாடிக்கு இதில் பாதி. நாக்குக்குப் புளிக்கும் தக்காளியின் பி.எச். கூட 4.6 எல்லையை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கலாம். பாட்டில் சாறு ஏன் என்றால் அதன் புளிப்பு எப்போதும் ஒரே அளவு, பறித்த எலுமிச்சையில் பழத்துக்குப் பழம் மாறும்.

தக்காளியை ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விடுங்கள். மெல்லிய கரண்டிக்காம்பை ஓரமாக விட்டு, சிக்கிய காற்றுக் குமிழிகளை விடுவியுங்கள். விளிம்பை ஈரத் துணியால் துடைத்து, மூடி வைத்து, வளையத்தை விரல் நுனியால் மட்டும் திருகுங்கள். முரட்டுப் பலம் வேண்டாம், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும்.

ஜாடிகளைக் கேனரில் இறக்குங்கள். நீர் ஜாடிகளுக்கு மேல் 2 அங்குலம் நிற்கட்டும். மூடி போட்டு, தளதளவென்று கொதி வந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்குங்கள். கடல்மட்டத்திலிருந்து 1000 அடி வரை குவார்ட்டுக்கு 45 நிமிடம், பிண்ட்டுக்கு 35. கொலம்பஸ் இதற்குள் அடங்கும். 3000 அடி வரை 5 நிமிடமும், 6000 அடி வரை 10 நிமிடமும், அதற்கு மேலே 15 நிமிடமும் கூட்டுங்கள். நேரம் முடிந்ததும் அணைத்து, மூடியைத் திறந்து, 5 நிமிடம் விட்டு, ஜாடியைச் சாய்க்காமல் தூக்கித் துண்டின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள்.

படி 5: 12 முதல் 24 மணி நேரம் தொடாதீர்கள்

வளையத்தை இறுக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும், தொடாதீர்கள். ஆறும்போது 'டிக்' என்று மூடி உள்வாங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும். மறுநாள் மூடி நடுவை அழுத்திப் பாருங்கள். ஏறி இறங்கினால் அது ஒட்டவில்லை. அந்த ஜாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் சமைத்துவிடுங்கள். ஒட்டியவற்றின் வளையத்தைக் கழற்றி, துடைத்து, தேதி எழுதி, இருட்டான அலமாரியில் வையுங்கள். ஓராண்டுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

"தக்காளித் தொக்காகவே கேன் செய்துவிடலாமே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டாம். எண்ணெய், பூண்டு, வெங்காயம் சேர்ந்தால் புளிப்பும் சூடு ஊடுருவும் விதமும் மாறிவிடும், அதற்குச் சோதித்த நேரமும் கிடையாது. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்புக்கும் கீரைக் கூட்டுக்கும் இதே நிலைதான். வெறும் தக்காளியாகவே வைத்திருங்கள். ஜனவரிப் பனியில் ஒரு ஜாடியைத் திறந்து, நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து அதில் கொட்டினால், அரை மணி நேரத்தில் தொக்கு சுருண்டு வரும். பாதியை ரசத்துக்கு எடுத்து வைக்க மறந்துவிடாதீர்கள்.