சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்குவது எப்படி, அங்கே ஏன் இத்தனை காகிதம் கேட்கிறார்கள்

நாற்று விட்டாச்சு, கையில் காசில்லை என்ற நிலை வந்த பிறகுதான் நம்மில் பல பேர் சொசைட்டி, அதாவது கூட்டுறவுக் கடன் சங்கம், பக்கம் எட்டிப் பார்க்கிறோம். அதுதான் முதல் தப்பு. உறுப்பினராகச் சேர்வதும், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவைச் சரிபார்ப்பதும் சாகுபடிக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாலேயே முடித்துவைக்க வேண்டிய வேலை.

முதலில் உங்கள் ஊர் எந்தத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் எல்லைக்குள் வருகிறது என்று கேளுங்கள். பக்கத்து ஊர் செயலாளர் நல்ல மனுஷன் என்பதற்காக அங்கே போய்க் கடன் கேட்க முடியாது. இந்த எல்லைக் கணக்குக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயசு. ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற சிற்றூர் மேயர், 1864-இல் ஹெட்டெஸ்டார்ஃப் என்ற ஊரில் ஒரு கடன் சங்கம் தொடங்கினார். ஒரு ஊர், ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள், யாராவது கட்டாமல் போனால் எல்லாரும் பொறுப்பு, அவ்வளவுதான் அவர் கண்டுபிடிப்பு. கடன் வாங்கியவன் மாட்டை வாங்கினானா, சீட்டாடித் தொலைத்தானா என்று ஊருக்குத் தெரியும் அல்லவா, அதையே ஜாமீனாக வைத்துவிட்டார்.

நம்ம ஊரில் விவசாயி கந்துவட்டியில் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஆராயச் சொன்னது. 1895-லும் 1897-லும் ரெண்டு தடித்த அறிக்கை கொடுத்தார், ஆனால் அதன் சாரம் ரெண்டே வார்த்தை: ரைஃபைசனைத் தேடுங்கள். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. பத்து பேர் சேர்ந்தால் சங்கம், கிராமச் சங்கம் என்றால் எல்லா உறுப்பினருக்கும் வரம்பில்லாப் பொறுப்பு, அதாவது சங்கத்தின் கடனுக்குச் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். அதே வருஷம் இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஒரு விவசாயக் கடன் சங்கம் பதிவானது. தமிழ்நாட்டுக் கிராமச் சங்கங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சரி, சேருவதற்கு வருவோம். 18 வயசு முடிந்திருக்க வேண்டும், அந்த எல்லைக்குள் நிலமோ குடியிருப்போ இருக்க வேண்டும். விண்ணப்பம், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, கூடவே பங்குத் தொகையும் நுழைவுக் கட்டணமும். கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், "அப்புறம் தரேன்" என்றால் நின்று வாங்கிக்கொண்டே வாருங்கள். கடன் வாங்கும்போது அதில் ஒரு பகுதியை மறுபடி பங்குத் தொகையாகப் பிடிப்பார்கள். பதற வேண்டாம், அது உங்கள் பெயரில்தான் நிற்கும்.

காகிதங்களில் சிட்டாதான் ஆளை அலைக்கழிக்கும். ஆன்லைனில் ரெண்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம், ஆனால் அதில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் விஷயம். என் சித்தப்பா முப்பது வருஷமாக உழுத நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தது, தாத்தா போய்ப் பதினெட்டு வருஷம். வாரிசுச் சான்று, அத்தைமார் கையெழுத்து, பட்டா மாறுதல் என்று அலைந்து முடிப்பதற்குள் ஒரு போகமே போய்விட்டது. கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் இதே தலைவலிதான், உங்கள் பாகத்தைத் தனியாகப் பிரிக்கும் உட்பிரிவுக்கு முன்கூட்டியே மனு போட்டுவிடுங்கள்.

அடுத்தது அடங்கல். வி.ஏ.ஓ. தருவது, எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று சொல்வது. வருவாய்த் துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலையில் பிறக்கிறது, பழைய பசலி அடங்கலை நீட்டினால் எடுபடாது. போன முறை எனக்கு முன்னால் நின்றவர் மக்காச்சோளத்துக்குக் கடன் கேட்டார், அடங்கலில் நிலக்கடலை இருந்தது. எழுத்தர் ஒன்றும் பேசவில்லை, அந்த வரியில் விரலை வைத்துக் காகிதத்தைத் திருப்பி நகர்த்தினார். ஆகவே வாங்கின இடத்திலேயே சர்வே எண், பரப்பு, பயிர் மூன்றையும் படித்துப் பார்த்துவிடுங்கள். வேறு வங்கியில் பாக்கி இல்லை என்ற சான்றும் கேட்கலாம். பல சங்கங்களில் ஜாமீனுக்கு இன்னொரு உறுப்பினரைக் கூட்டிவரச் சொல்வார்கள், ரைஃபைசன் வாசனை இன்னும் போகவில்லை.

எவ்வளவு கிடைக்கும் என்பது செயலாளர் இஷ்டம் இல்லை. பயிர்வாரியாக ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் ஒரு குழு வருஷாவருஷம் முடிவு செய்கிறது. அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஏக்கருக்கு 30,000 என்று வைத்துக்கொண்டால் ரெண்டரை ஏக்கருக்கு 75,000. இதில் ஒரு பகுதி ரொக்கமாக மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக் கணக்கில் ஏறும், மீதி உரமாக வரும். உர மூட்டையை எண்ணி வாங்குங்கள், பில்லில் வேண்டாத சரக்கு எதையாவது சேர்த்திருந்தால் அங்கேயே கேளுங்கள்.

வட்டி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பயிர்க்கடன் வட்டி 7 சதவீதம். தவணை நாளுக்குள் கட்டினால் மத்திய, மாநில அரசுகளே அதை ஏற்றுக்கொள்வதால் நமக்கு வட்டி இல்லை. நாள் தாண்டினால் அந்தச் சலுகை போச்சு. பாஸ்புக்கில் தவணை தேதியை எழுதி வாங்கி வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். சொசைட்டி நகைக்கடனுக்கு இந்தச் சலுகை கிடையாது, ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"எப்படியும் தள்ளுபடி வரும், ஏன் கட்டணும்?" என்று டீக்கடையில் சொல்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். 2021-இல் 16.43 லட்சம் பேருடைய 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியானது உண்மைதான். அதை நம்பி உட்கார்ந்தால் அடுத்த போகத்துக்குப் புதுக் கடன் கிடைக்காது, பிறகு பழைய கந்துவட்டிக்காரர் திண்ணைதான். 1951-52-இல் நாடு முழுக்க எடுத்த கிராமக் கடன் ஆய்வில் விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு வெறும் 3.1 சதவீதம், வட்டிக்கடைக்காரர்கள் பங்கு கிட்டத்தட்ட 70. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் அந்த லட்சணம். கிராமச் சங்கம், மாவட்ட வங்கி, மாநில வங்கி என்ற அடுக்கு பலப்பட்டதும், அரசு பங்கு முதல் போட்டதும், 1982-இல் விவசாயக் கடனுக்கான தேசிய வங்கியான நபார்டு வந்ததும் எல்லாம் அதற்குப் பிறகுதான். அரசு உள்ளே வந்ததில் பணம் வந்தது, கூடவே அரசியலும் வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் அபிப்பிராயம்.

பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனிலேயே பிடித்துவிடுவார்கள். சம்பாவுக்கு நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். 2020-லிருந்து இது கட்டாயமில்லை, வேண்டாமென்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்ததில்லை, எங்கள் ஊர் வாய்க்கால் நிலவரம் அப்படி.

கடைசியாக, சங்க உறுப்பினர் எல்லாரும் கூடும் பேரவைக் கூட்டத்துக்குக் கடிதம் வந்தால் போங்கள். அம்பது ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் அங்கே ஒரே ஓட்டுதான். வரவு செலவைப் படிக்கும்போது கூட்டம் வடை எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் எழுந்து உர இருப்பு எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எங்கள் சொசைட்டியில் ஒரு பெரியவர் வருஷாவருஷம் இதைக் கேட்பார். யூரியா வந்த அன்றைக்கு முதல் போன் அவருக்குத்தான் போகும்.