பழைய ஸ்டைல் பேஸ் கிட்டார்ல ஓப்பன் ஏ ஸ்ட்ரிங் மட்டும் இரைஞ்சது, கடைசில சரியான கதை
நாலு நாள் போச்சு, இன்னைக்குத்தான் நிம்மதி. 1957 டிசைன்ல வர்ற பிரிசிஷன் டைப் பேஸ், ஃப்ளாட்வூண்ட் ஸ்ட்ரிங் (வெளிச்சுருள் தட்டையா, வழவழன்னு இருக்கற கம்பி) போட்டது, அந்த உருண்டையான ‘தும்’ சத்தத்துக்காகவே வெச்சிருக்கேன். ஏ ஸ்ட்ரிங்க ஓப்பனா (விரல் வெக்காம) அடிச்சா மட்டும் தம்புரா மாதிரி ஒரு இரைச்சல், முதல் ஃப்ரெட்ல விரல் வெச்சாலே போயிடும்.

மொதல்ல ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள ஓடி அதோட வளைவ சரிசெய்யற இரும்புக் கம்பி) காரணம்னு நெனச்சு, இந்த மாடல்ல அதத் திருப்பற திருகு நெக் அடியில இருக்கறதால நெக்கையே கழட்டி கால் சுத்து திருப்பி மாட்டுனேன், மாற்றமே இல்ல. சாடில் (பாடி பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) உயரத்த ஏத்துனேன், அதுவும் வீண். நட்ல (நெக்கோட மேல் நுனில ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) பள்ளம் தேஞ்சிருக்கும்னு ஒரு பேப்பர் துண்டு வெச்சேன், கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா சத்தம் மங்கிடுச்சு.

அப்புறம் தற்செயலா நட்டுக்கு அந்தப்பக்கம், ட்யூனர் (சுருதி முறுக்கற சாவி) பக்கமா ஏ ஸ்ட்ரிங்க விரலால அமுக்கிட்டு அடிச்சேன், இரைச்சல் சுத்தமா நின்னுடுச்சு!

விஷயம் இதுதான்: ஹெட்ஸ்டாக்ல (ட்யூனர்கள் இருக்கற தலைப்பகுதி) ஸ்ட்ரிங்க கீழ அமுக்கிப் பிடிக்கற அந்த வட்டமான ஸ்ட்ரிங் ட்ரீ, டி, ஜி ஸ்ட்ரிங் ரெண்டையும்தான் அமுக்கும், ஏ-க்கு எதுவும் கிடையாது. போஸ்ட்ல (ட்யூனர்ல ஸ்ட்ரிங் சுத்தற தூண்) நான் ஒன்றரை சுத்துதான் சுத்தியிருந்தேன், அதுவும் மேலாக்க, அதனால நட்ல ஸ்ட்ரிங் அழுந்தவே இல்ல.

புது ஸ்ட்ரிங்க போஸ்ட்ட தாண்டி 10-12 செ.மீ. விட்டு, மடக்கின அப்புறம்தான் வெட்டுனேன் (இல்லன்னா ஃப்ளாட்வூண்ட் சுருள் அவுந்துடும்), நுனிய போஸ்ட் நடுவுல இருக்கற ஓட்டைல விட்டு, ஒவ்வொரு சுத்தும் முந்தினதுக்குக் கீழ வர்ற மாதிரி மூணு சுத்து. பேப்பர எடுத்துட்டேன், சாடில பழைய உயரத்துக்கே இறக்கிட்டேன், ஓப்பன் ஏ இப்ப சுத்தமா கேக்குது.