பிள்ளையோடு டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறீர்களா?

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை கடையில் அழுவது பெரும்பாலும் பசியால், இல்லாவிட்டால் தூக்கத்தால். அதனால் காலைச் சாப்பாடு கொடுத்த கையோடு புறப்படுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை அநேகமாகப் பின்னேரம்தான் வரும். 12 மணிக்குள் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. குடை ஒரு கையைத் தின்றுவிடும். இருவருக்கும் மழைக்கோட்டு போதும்.

கைப்பையை விட முதுகில் மாட்டும் பை மேல். அரிசி, சீனி, பருப்பு அடியில் போகட்டும், மொத்தம் 5 கிலோவைத் தாண்ட வேண்டாம். இறங்கிய பிறகு தோட்டத்துக்கு ஏற்றம் ஏறும்போது பிள்ளை "தூக்கு" என்று கையை நீட்டும், அந்தப் பாரத்துக்கும் முதுகில் இடம் வேண்டுமே! முட்டை, தக்காளி, யோகட் மூன்றையும் கடைசியில் வாங்குங்கள்.

சந்தையில் சும்மா நிற்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நிற்காது. போஞ்சியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போடச் சொல்லுங்கள், கரட் நிறுத்து முடியும்வரை அதிலேயே இருக்கும். டொபி போத்தல் இருக்கும் காசு மேசைக்குப் போகுமுன்பே பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேடி நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் அடம் தொடங்கும்.

அழுகையை அடக்கக் கச்சானோ முழுத் திராட்சையோ மட்டும் கொடுக்கவே வேண்டாம். நடந்துகொண்டோ அழுதுகொண்டோ தின்றால் மூச்சுக்குழாயில் அடைத்துவிடலாம். தோலுரித்த வாழைப்பழத் துண்டை உட்கார வைத்துக் கொடுங்கள்.