ஜெர்மனியிலிருந்து ஹார்வர்டுக்கு விண்ணப்பிப்போர் முதலில் செய்ய வேண்டியது

ஜெர்மனியில் கிம்நாசியத்தின் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளி) இறுதி ஆண்டுகளில் படித்துக்கொண்டே ஹார்வர்டு, எம்ஐடி போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்புவோர், கட்டுரை எழுத உட்காருவதற்கு முன்பே பள்ளியின் மேல்நிலை வகுப்பு ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்துவிட வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் ஆலோசகர் அனுப்பும் பள்ளி அறிக்கையை, அத்தகைய பதவி பெரும்பாலும் இல்லாத ஜெர்மன் பள்ளியில் அவரோ வகுப்பாசிரியரோதான் அனுப்ப வேண்டியிருக்கும்.

அந்த அறிக்கையுடன், மதிப்பெண் முறையை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பையும் இணைக்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் 1 என்பதே மிக உயர்ந்த தரம், 6 மிகத் தாழ்ந்தது. இறுதி இரண்டு ஆண்டுகளிலோ 0 முதல் 15 வரை புள்ளிகள், அதில் 13 பெற்றாலே ‘மிக நன்று’ என்று பொருள். இதை நீங்களாகவே அமெரிக்க அளவுக்கு மாற்றி எழுதாதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள் என்பது என் கருத்து. ஜெர்மன் ஆசிரியர்கள் அளந்தே பாராட்டுவார்கள். ஆகவே, “கடமையுணர்வு மிக்கவர்” என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, இயற்பியல் ஆய்வகத்தில் பொய்த்துப்போன சோதனையை நீங்கள் மூன்று மாலைகள் தங்கித் திரும்பச் செய்தது போன்ற நிகழ்வை எழுதும்படி, கடிதம் எழுதும் ஆசிரியருக்கு நினைவூட்டும் குறிப்புகளைக் கோடை விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். முன்கூட்டிய விண்ணப்பத்தின் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1.

செலவை எண்ணித் தயங்க வேண்டாம்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி ஆகியவை வெளிநாட்டு மாணவர்களையும் குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமலே தேர்ந்தெடுக்கின்றன.