சூரை மீன் சப்பாத்தி ரோல்: ஒரு ரோலில் எத்தனை கலோரி, எவ்வளவு புரதம்? வீட்டிலேயே கணக்குப் போடும் முறை

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மதினி உடம்பைக் குறைக்க வேண்டும் என்று 'டூனா சாலட் ராப்' சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். டூனா வேறு எதுவும் இல்லை, உவரியிலும் இடிந்தகரையிலும் கரையேறும் நம் சூரைதான். கைப்பேசியில் ஒரு செயலி அதற்கு 250 கலோரி என்றதாம், இன்னொன்று 600 என்றதாம். "எதை நம்புவது தம்பி?" என்று கேட்டார். இரண்டையும் நம்ப வேண்டாம், நாமே போட்டுப் பார்ப்போம் என்றேன். அந்தக் கணக்குதான் இது. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

தேவையானவை

கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு, ஒரு நோட்டு, ஒரு பேனா. அல்வாக் கடையில் கால் கிலோ வாங்கும்போது தராசை உற்றுப் பார்க்கிற நாம், வீட்டுச் சமையலில் மட்டும் 'ஒரு கை', 'ரெண்டு கரண்டி' என்று கண்ணளவில் விட்டுவிடுகிறோம். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். அதனால் எல்லாவற்றையும் கிராமில் எழுதுங்கள்.

முதல் படி: மீன்

தலை, குடல், முள், தோல் எல்லாம் நீக்கிய பச்சைச் சதையை 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். வரிச்சூரையில் இந்த அளவுக்கு ஏறத்தாழ 103 கலோரி, 22 கிராம் புரதம், 1 கிராம் கொழுப்பு இருக்கும். மாவுச்சத்து அறவே கிடையாது.

முதல் தடவை நானே தவறியது இந்த இடத்தில்தான். மீனை ஆவியில் வேகவைத்து, உதிர்த்த பிறகு நிறுத்தேன். தராசு 78 காட்டியது. பச்சை மீனின் அட்டவணையை வைத்து 78 கிராமுக்குக் கணக்குப் போட்டேன். புரதம் 17 கிராம்தான் வந்தது. மீதி 5 கிராம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. வேகும்போது வெளியேறியது பெரும்பாலும் தண்ணீர். பச்சையாக நிறுத்தால் பச்சை மீனின் அட்டவணை, வெந்த பிறகு நிறுத்தால் வெந்த மீனின் அட்டவணை. இரண்டையும் கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

டப்பா மீன் வாங்குபவர்கள் டப்பாவின் மொத்த எடையை விட்டுவிட்டு, வடித்த எடையைப் பாருங்கள். தண்ணீரில் அடைத்த மீன் வடித்த பிறகு 100 கிராமுக்குச் சுமார் 116 கலோரி. எண்ணெயில் அடைத்ததை நன்றாக வடித்தாலும் சுமார் 198. மாசிக்கருவாடு போடலாமா என்று மதினி கேட்டார். தாராளமாகப் போடலாம். ஆனால் அது காய்ந்த சரக்கு, பச்சைச் சூரையின் எண்கள் அதற்குப் பொருந்தாது.

இரண்டாம் படி: சப்பாத்தி

சுட்ட சப்பாத்தியை நிறுக்காதீர்கள், மாவை நிறுங்கள். பிசைந்த தண்ணீருக்குக் கலோரி கிடையாது, ஆனால் எடை உண்டு. சுருட்டும் அளவுக்குப் பெரிய சப்பாத்தி ஒன்றுக்கு 50 கிராம் கோதுமை மாவு வேண்டும். அதில் 170 கலோரி, ஐந்தரை கிராம் புரதம், 35 கிராம் மாவுச்சத்து, 1 கிராம் கொழுப்பு. கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நாலரை கிராம் கொழுப்பு, 40 கலோரி. அதை 'சும்மா தடவியது' என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் படி: மயோனைஸ்

செயலிகள் முரண்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மதினி 'ரெண்டு ஸ்பூன்' என்றார். தராசில் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, அவர் கையாலேயே எடுத்துப் போடச் சொன்னேன். முதல் ஸ்பூனுக்கு 16 கிராம், இரண்டாவதும் சேர்ந்து மொத்தம் 30. ஸ்பூனின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார், அது கணக்கில் வரவில்லை.

முட்டை சேர்த்த முழுக்கொழுப்பு மயோனைஸ் 100 கிராமில் சுமார் 680 கலோரி, 75 கிராம் கொழுப்பு. 30 கிராம் என்றால் 204 கலோரி, இருபத்திரண்டரை கிராம் கொழுப்பு. அதாவது 100 கிராம் மீனைப் போல இரண்டு மடங்கு கலோரி, இந்த இரண்டு ஸ்பூனில்! முட்டையில்லா வகைகள் கம்பெனிக்குக் கம்பெனி வெகுவாக மாறும். பாட்டிலின் பின்புறம் 100 கிராமுக்கு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, உங்கள் எடையால் பெருக்கி, நூறால் வகுங்கள்.

நான்காம் படி: காய்

சின்ன வெங்காயம், வெள்ளரிக்காய், தக்காளி எல்லாம் சேர்த்து 70 கிராம். 20 கலோரி, 4 கிராம் மாவுச்சத்து, அரை கிராம் புரதம். இங்கே மெனக்கெட வேண்டாம்.

ஐந்தாம் படி: கூட்டலும் சரிபார்ப்பும்

கலோரி: 103 + 170 + 40 + 204 + 20 = 537
புரதம்: 28 கிராம்
கொழுப்பு: 29 கிராம்
மாவுச்சத்து: 39 கிராம்

இது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும். 28 × 4 = 112. 39 × 4 = 156. 29 × 9 = 261. மொத்தம் 529. கூட்டலில் வந்த 537-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பத்து இருபது வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நூறு வித்தியாசம் வந்தால் எதையோ எழுத மறந்திருக்கிறீர்கள், அநேகமாக எண்ணெய்.

மயோனைஸை எடுத்துவிட்டு, 30 கிராம் கெட்டித் தயிரில் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் கலந்து போட்டோம். தயிருக்கு 18 கலோரிதான். ரோல் 351-க்கு இறங்கிவிட்டது. புரதம் குறையவில்லை. ருசி? மதினிக்குப் பிடித்திருந்தது. அண்ணன் மயோனைஸ் பாட்டிலைத் தேடினார்.

உப்பு

கலோரிக் கணக்கில் உப்பு தெரியாது, தனியாக எழுத வேண்டும். கால் தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ ஒன்றரை கிராம், அதில் சோடியம் 600 மில்லிகிராம் அளவு. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். டப்பா மீனிலும் மயோனைஸிலும் ஏற்கெனவே உப்பு உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதற்கு மேல் போடாமல் ருசி பாருங்கள்.

சூரை வாங்கும்போது இன்னொன்று. வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. ஐஸில் கிடக்கும் மீனை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பெரிய வகைச் சூரைகளில் பாதரசம் கூடுதல் என்பதால், கர்ப்பிணிகள் எந்த வகையை எத்தனை முறை சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்கு பேருக்குச் செய்தால்

மீன் கலவையை மொத்தமாகப் பாத்திரத்தோடு நிறுத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். 720 கிராம் வந்தால் ஆளுக்கு 180 கிராம். மொத்தக் கலோரியையும் நாலால் வகுத்து, தலைக்கு ஒரு சப்பாத்தியின் கணக்கைச் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் வெறும் பாத்திரத்தை நிறுக்க அலுத்துப்போய், மதினி அதன் அடியில் கல்யாணச் சீருக்குப் பெயர் வெட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மார்க்கர் பேனாவால் 212 என்று எழுதி வைத்துவிட்டார்.