சியான் போகிறவர்கள் சியன்லிங்கையும் பார்த்து வாருங்கள்

சியான் நகருக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் லியாங்ஷான் மலையில் இருக்கிறது சியன்லிங். தாங் வம்சப் பேரரசர் காவ்ட்சோங்கும், சீனாவைத் தன் பெயரிலேயே ஆண்ட ஒரே பெண்ணான வூ சேதியனும் அடக்கமான இடம். கல்லறை இன்னும் திறக்கப்படவில்லை. பார்க்க வேண்டியது வெளியே நிற்கும் கற்சிலைகளைத்தான்.

நீண்ட படிக்கட்டில் ஏறினால் பாதையின் இருபுறமும் சிறகுள்ள குதிரைகள், நெருப்புக்கோழிகள், வாளேந்திய காவலர்கள் வரிசையாக வருவார்கள். மேலே தலையில்லாத 61 தூதர் சிலைகள். பெரும்பாலானோர் முன்னால் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவசியம் பின்பக்கம் போய்ப் பாருங்கள்! சில முதுகுகளில் அவர்களின் பெயரும் நாடும் பொறித்தது இன்னும் தெரிகிறது.

எதுவும் பொறிக்காமல் நிறுத்திய வூ சேதியனின் நினைவுக்கல்லான 'எழுத்தில்லாக் கல்'லில் பிற்காலத்தவர் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1134-இல் பொறித்த, வடக்கே வாழ்ந்த கித்தான் இனத்தாரின் எழுத்தும் அதில் உண்டு. பக்கவாட்டில் கோடுகளாகச் செதுக்கிய டிராகனைத் தவறவிடாதீர்கள். இந்த மெல்லிய கோடுகள் உச்சி வெயிலில் சரியாகத் தெரியாது, அதனால் காலையிலோ மாலையிலோ போவது நல்லது. அப்புறம், நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

நேரமிருந்தால் அருகிலுள்ள இளவரசி யோங்தாய் கல்லறைக்குப் போங்கள். அதற்குள் இறங்கிப் பார்க்கலாம்.